எழுத்துக்கல்லும் இருபத்தெட்டுப் பொன்னாடையும்

வாங்கப்பு, செயலாளர் தம்பி. திண்ணையில உக்காருங்க. நம்ம ஊர் வரலாற்று மன்றத்து ஆண்டறிக்கையைப் பேரன் வாசிக்க ரெண்டு தடவை கேட்டேன். அடேயப்பா! ஒரே வருஷத்துல பதினாலு நிகழ்ச்சி, பதினாலு பேனர், இருபத்தெட்டுப் பொன்னாடை. எனக்குக் கண்ணு மங்கல்தான். ஆனாலும் எந்தப் பேனரைப் பார்த்தாலும் உங்க முகம் பளிச்சுனு தெரியுது. மூலையில தபால்தலை கணக்கா ஒரு படம் இருக்கே, அது நடுகல்லாம். பேரன் சொல்லித்தான் தெரியும்.

அடுத்த வருஷத்துக்கு யோசனை கேக்க வந்திருக்கீக. இந்த வேகத்தை மட்டும் விட்றாதீக, அம்புட்டுத்தான்.

ஊரோட வயசையே எடுத்துக்கங்க. பொங்கல் கூட்டத்துல ரெண்டாயிரம் வருஷம்னீக. சித்திரையில மூவாயிரம். ஆவணியில சிறப்பு விருந்தினர் வந்து ஒரே மூச்சுல அஞ்சாயிரம் ஆக்கிட்டுப் போனாரு. கீழடியில பாவம், 2014-ல ஆரம்பிச்ச வேலை. குழி வெட்டி, கரித்துண்டைப் பொறுக்கி, அமெரிக்கா வரைக்கும் அனுப்பிச் சோதிச்சு, கி.மு. ஆறாம் நூற்றாண்டுனு ஒரு வார்த்தை சொன்னாக. வெவரம் தெரியாத மனுசங்க. நமக்கு ஒரு மைக் செட்டு போதுமா இருந்துச்சு.

ஏப்ரல் 18, உலக மரபு நாள். மாங்குளத்து மலைக்கு மரபு நடை. நடைனு பேரு, போனது வேன்ல, போகட்டும். 1882-ல ராபர்ட் சீவல்னு ஒரு வெள்ளைக்காரர் பார்த்துச் சொன்ன எழுத்து அந்த மலையில இருக்கு. தமிழ்தான்னு விளங்க இன்னும் நாப்பது வருஷம் ஆச்சு. நெடுஞ்செழியன் பேரு அதுல இருக்கு, சமண முனிவருக்குப் படுக்கை வெட்டிக் குடுத்த சேதி இருக்கு. முட்டி தேய மலையேறி, அந்த எழுத்துக்கு முதுகைக் காட்டி நின்னு முப்பது பேரு போட்டோ எடுத்துட்டு வந்தீக. படத்துல எழுத்து விழல. உங்க பேட்ஜ் விழுந்திருக்கு.

வைகாசியில கம்மாய் தூர் வாரயில முதுமக்கள் தாழி ஒண்ணு ஜேசிபி பல்லுல மாட்டுச்சே, அன்னைக்கு மன்றம் வந்த வேகம் இருக்கே! தீயணைப்பு வண்டி தோத்துரும். ஆளுக்கொரு ஓடு, உள்ள கறுப்பு வெளிய சிவப்பு, இன்னைக்கும் பொறுப்பாளருக வீட்டு ஷோகேஸ்ல பார்க்கலாம். ஒருத்தர் வீட்டுல அதுல சாவிக்கொத்து கெடக்கு. மண்ணுக்குள்ளருந்து பத்து ரூபாய்க்கு மேல பெறுமானமுள்ள பொருள் கிடைச்சாக் கலெக்டருக்குச் சொல்லணும்னு 1878-லயே சட்டம் போட்டிருக்காக. நீங்க பத்திரிகைக்குச் சொன்னீக. கெடந்த எடத்துலயே கெடந்தாத்தான் தம்பி ஓடு பேசும். எந்த ஆழத்துல, எது பக்கத்துல இருந்துச்சுங்கிறதுதான் அதுக்கு வாயி. சரி விடுங்க, இப்ப சாவிக்காவது ஒதவுது.

நவம்பர்ல மரபு வாரம் வந்துச்சு. கம்மாக்கரை நடுகல்லைப் ‘புதுப்பிச்சு’ வச்சீக. மஞ்ச எனாமல், செவப்பு எனாமல். மீசைக்கு மட்டும் கறுப்பு. வீரன் இப்பச் சினிமாப் போஸ்டர்ல நிக்கிற மாதிரி இருக்கான். காலடியில ரெண்டு வரி எழுத்து இருந்துச்சு, அது பெயிண்டுக்குள்ள சமாதி ஆயிருச்சு. 2006-ல ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில மூணு நடுகல் கிடைச்சுச்சு. மாடு கவர்ந்த சண்டையில செத்தவனுக்கு நட்ட கல்லு அதுல ஒண்ணு. எழுத்து தெளிவா இருந்ததுல செத்தவன் பேரு வெளிய வந்துச்சு. அதுக்கு யாரும் பெயிண்ட் அடிக்காம விட்டது அந்த மகராசன் செஞ்ச புண்ணியம்.

நான் சின்னப்பயலா இருக்கையில நம்ம சிவன் கோயில் சுவத்துல மைப்படி எடுக்க ரெண்டு பேரு வந்தாக. பேனரும் இல்ல, மைக்கும் இல்ல. ஒரு பையி, ஒரு பிரஷ்ஷு, சுருட்டின தாளு. தண்ணி சுமந்தது நாந்தான். கல்லைக் கழுவித் தேச்சு, நனைச்ச தாளை ஒட்டிப் பிரஷ்ஷால தட்டுவாக, தட்டுவாக, எழுத்துக் குழிக்குள்ள தாளு எறங்குற வரைக்கும். அப்புறம் மையில ஒத்தி ஒத்தி எடுப்பாக. காஞ்சு உரிச்சுக் காட்டினா, கறுப்புத் தாள்ல எழுத்து வெள்ளையா நிக்கும். எனக்கு ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனா வாயைப் பொளந்துட்டு நின்னது ஞாபகம் இருக்கு. பொழுதுக்கும் தட்டி அஞ்சு வரிதான் ஆச்சு. அன்னைக்கு யாரும் யாருக்கும் துண்டு போத்தல.

போன சித்திரையில உங்ககிட்ட ஒரு சேதி சொன்னேன், நெனப்பிருக்கா? எங்க தொழுவத்துல மாடு கட்டுற கல்லு. “எழுத்துக்கல்லுடா, மிதிக்காத”னு எங்க அப்பத்தா வையும். நானும் யோக்கியன் இல்ல. முளைக்குச்சி மிச்சம்னு அறுவது வருஷமா அதுலதான் கயித்தைக் கட்டுறேன். உடனே நீங்க துணைக்குழு போட்டீக. பேப்பர்ல யாரு பேரு மொத வரணும்னு அந்தக் குழுவே ரெண்டாப் போச்சு. கல்லு அங்கதான் இருக்கு, சாணிக்குள்ள.

பசு சினையா இருக்கு. கன்னு போட்டா உள்ள நிக்க எடம் இருக்காது, அதுக்கு முந்தி வாங்க. சாணியை நான் அள்ளிப் போட்டுர்றேன், தண்ணியும் பிடிச்சு வைக்கிறேன். எழுத்து வாசிக்கத் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு, தாளும் பிரஷ்ஷும் எடுத்துட்டு வாங்க. பொன்னாடை வேணாம், மாடு மென்னுபுடும்.