தரகருக்கு ஒரு செம்புத் தண்ணி குடு, மாப்ளே!

பெங்களூரு வேலைய விட்டுட்டு வாணியம்பாடிப் பக்கம் நெலம் வாங்கி வெவசாயம் பண்ணப் போறியாமே மாப்ளே? ரொம்ப சந்தோசம். எந்த மாசத்துல இன்னா வெதைக்கணும்னு போன்ல அட்டவணை வேற வச்சிருக்கியாம். இருக்கட்டும். எங்க ஊரு அட்டவணையையும் கொஞ்சம் கேட்டுக்கோ.

ஆடியில மானாவாரிக்குக் கல்லக்கா போடு, கேவுரு போடு. போட்டுட்டு அண்ணாந்து பாரு. மேகம் வரலன்னா மனசு ஒடஞ்சிடாத. ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலை காவலூர்ல 1986லேர்ந்து 2.34 மீட்டர் தொலைநோக்கிய வச்சி நட்சத்திரம் பாக்குறாங்க. ராத்திரி வானம் தெளிவா கீதுன்னுதான் அந்த எடத்தையே தேடிப் புடிச்சாங்க. அவங்க மேகம் வேணாம்னு வேண்டிக்கிறாங்க, நீ வேணும்னு வேண்டிக்கிற. சாமி யாரு பேச்சைக் கேக்கும்? அவங்க பெரிய படிப்பு படிச்சவங்கப்பா.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகை. பாலாறு 348 கிலோமீட்டராம், அதுல 222 நம்ம பங்கு. மணல் நமக்கு, தண்ணி மேல இருக்கிறவங்களுக்கு. 2016ல ஆந்திராக்காரங்க புல்லூர் தடுப்பணைய 5 அடியிலேர்ந்து 12 அடிக்கு ஒசத்திட்டாங்க. அதுக்காக ஆறு செத்துப்போச்சுன்னு கரையோரம் மோட்டார் கொட்டாய் போட்டுடாத. 1903 நவம்பர்ல மைசூர் சமஸ்தானத்து ஏரிங்க ஒடஞ்சி, இதே ஆறுதான் ஊருக்குள்ள பூந்து ஜனங்கள வாரிக்கினு போச்சு. 2021 நவம்பர்லயும் ரெண்டு கரையும் தொட்டுக்கினு வந்துச்சி. கோவிச்சிக்கினு போன சம்பந்தி மாதிரி, வந்தா கும்பலோடதான் வரும்.

தண்ணி வரச்சொல்ல வெள்ளையா நொரை மெதக்கும். சோப்புக் காசு மிச்சம்னு எறங்கிக் குளிக்காத. மழையோட மழையா கழிவுத் தண்ணியவும் தொறந்து வுடுறாங்கன்னு ஊரே பேசும். யாருய்யான்னு கேளு, ஊரே வாய மூடிக்கும். நானும்தான். எம் பேரனுக்கு ஷூ கம்பெனியில சம்பளம், ஒம் மச்சானுக்குத் தோல் ஷாப்புல வேலை, நீ மாட்டிக்கினு வந்திருக்கிற பூட்ஸும் இந்தப் பக்கத்துச் சரக்குதான். யாரை யாரு திட்டுறது?

தை பொறந்தா எருது விடுற திருவிழா. உழறதுக்கு டிராக்டரு, ஓடறதுக்கு எருது. ஏரே பூட்டாத எருதுக்குத்தான் இங்க பரிசு. அதப் பாத்தா ஒனக்கும் ஒரு தெம்பு வரும்.

சித்திரை வெயில்ல கெணறு கீழ போவ, உப்பு மேல வரும். ஒங்கிட்ட கீற அட்டவணையில இந்த மாசத்துக்கு ஒண்ணும் எழுதியிருக்க மாட்டான். தோல் ஷாப்புக் கழிவப் பத்தி 1996 ஆகஸ்ட் 28ல உச்ச நீதிமன்றம் எழுதிச்சி. ஒரு கிலோ தோல் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணி ஆவுதாம். தோல் ஷாப்புங்க இருக்கிற இந்த வட்டாரத்துல 35,000 ஹெக்டேர் கிட்ட பாதியாவோ முழுசாவோ வெவசாயத்துக்கு ஒதவாமப் போச்சாம். கெடுத்தவன்தான் காசு குடுக்கணும்னு தீர்ப்பு. சட்டம் படிக்கிற புள்ளைங்க எல்லாம் அதப் பாடமா படிக்குதுங்க. தண்ணி மட்டும் படிக்கல. 2025 ஜனவரியில மறுபடியும் அதே கோர்ட்டு பாலாத்தப் பத்தித் தீர்ப்பு சொல்ல வேண்டியதாப் போச்சு.

அதனால பட்டம் பாத்து வெதைக்கிறதெல்லாம் அப்புறம். இந்தப் பக்கம் இன்னா பயிர் வைக்கலாம்னு முடிவு பண்றது கெணறுதான். கொஞ்சம் உப்புன்னா தென்னை தாங்கும், எல்லாக் காய்கறியும் தாங்காது. ரொம்ப உப்புன்னா நீ பெங்களூருக்கே பஸ் ஏறிடலாம்.

நெலம் காட்ட வர்ற தரகரு ஒனக்கு எளநி வெட்டிக் குடுப்பான். வாங்கிக் குடி, மரியாதை முக்கியம். குடிச்சிட்டு, அந்த நெலத்துக் கெணத்துலேர்ந்து ஒரு செம்பு மொண்டு அவன் கையில குடு. மடமடன்னு குடிச்சான்னா மேல பேசு. "இப்பத்தான் டீ குடிச்சேங்க"ன்னு நழுவினான்னா நீயும் நழுவிடு.

அவன் குடிச்சிட்டாலும் நம்பிடாத. கமிஷனுக்காக எதையும் முழுங்குவான். மோட்டார அரை மணி நேரம் ஓட வுட்டு ஒரு பாட்டில்ல தண்ணி புடி, வயல்ல பல எடத்துல மண்ணெடு. ரெண்டையும் வேளாண்மைத் துறை பரிசோதனை நிலையத்துல குடு. அந்தச் சீட்டு கைக்கு வராம பத்திர ஆபீஸ் பக்கம் தலை வச்சிப் படுக்காத.