தலைமை ரம்பக்காரருக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
மரப்புதிர் பிரியர் ஒருவர்,
சங்கரன்கோவில்,
தென்காசி மாவட்டம் (முன்பு திருநெல்வேலி, இனி தங்கள் சித்தம்).

பெறுநர்:
வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: மாவட்டங்களை அறுத்தல் – தொழில்முறைப் பாராட்டும் சிறு விண்ணப்பமும் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

ப்ளைவுட்டில் ஒரு படத்தை ஒட்டி, நூல் கனத்தில் அலகு மாட்டிய கைரம்பத்தால் நெளித்து நெளித்து அறுத்து, துண்டுகளைக் கலைத்துப் போட்டு, மறுபடி உட்கார்ந்து சேர்ப்பது அடியேனின் பொழுதுபோக்கு. தெருவெல்லாம் விசைத்தறி ஓடிச் சம்பாதிக்கும் ஊரில் இதற்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "அறுத்தது எதுக்கு, ஒட்டுறது எதுக்கு?" என்கிறார்கள். இதே கேள்வியைத் தங்கள் துறையிடம் யாரும் கேட்பதில்லை. அந்தப் பொறாமையில்தான் இந்த மடல்.

இக்கலையின் மூலவர் லண்டனில் செப்புத்தகட்டில் வரைபடம் செதுக்கி வந்த ஜான் ஸ்பில்ஸ்பரி. 1760களில் தேசப்படங்களை மகாகனிப் பலகையில் ஒட்டி, எல்லைக்கோட்டை ஒட்டியே அறுத்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் படிக்க விற்றார். ஆக, பூனைக்குட்டியும் பூந்தோட்டமும் பின்னால் வந்தவை. முதலில் அறுபட்டது நிலம்தான். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிள்ளைகளும் இப்படி அறுத்த தேசப்படங்களை வைத்துத்தான் படித்தார்கள். அந்த மன்னர் காலத்திலேயே அமெரிக்காவின் 13 குடியேற்றங்களும் பெட்டியை விட்டுப் போய்விட்டன என்பது வேறு கதை.

நம்மிடமும் 1956இல் 13 மாவட்டத் துண்டுகள்தாம். இன்று 38. அதில் 6 துண்டுகள் 2019, 2020 ஆகிய இரண்டே ஆண்டுகளில் விழுந்தவை. 2021இல் சட்டமன்றத் தேர்தல் வந்ததற்கும் இதற்கும் முடிச்சுப் போடுபவன் நானல்ல. மரப்புதிரில் நிறக்கோட்டு வெட்டு என்று ஒன்று உண்டு. நீல வானமும் சிவப்பு ஓடும் சேரும் கோட்டிலேயே ரம்பத்தை விடுவது. எந்தத் துண்டு எதோடு சேரும் என்று பார்ப்பவனுக்குப் பிடிபடாது. தங்கள் கை அதில் தேர்ந்த கை.

ஸ்பில்ஸ்பரி கடலோடு ஒரு விலை, கடல் இல்லாமல் ஒரு விலை என்று விற்றார். எங்களுக்குக் கிடைத்தது கடல் இல்லாத மலிவுப் பதிப்பு. 1986இல் துறைமுகத்தை எடுத்துத் தூத்துக்குடிக்கு வைத்தீர்கள் (அப்போது சிதம்பரனார் மாவட்டம், 1997இல் மாவட்டங்களின் மேல் ஒட்டியிருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் உரித்தது தனிக் கைவேலை). 2019 நவம்பர் 22 அன்று தென்காசியை அறுத்தபோது உவரியும் கூடங்குளமும் நெல்லையோடு நின்றன. குற்றாலத்து அருவி எங்களுக்கு வந்தது. அது விழுந்து ஓடும் சிற்றாறு போய்க் கலக்கும் தாமிரபரணி, பாபநாசத்தோடு அவர்களுக்கு.

தங்கள் படைப்புகளில் நான் தலைவணங்குவது அரியலூருக்கு. 2001இல் அறுத்தீர்கள். 2002இல் பெரம்பலூரோடு திரும்ப ஒட்டினீர்கள். 2007இல் அதே துண்டை மறுபடி அறுத்தீர்கள். ஒட்டிய இடத்திலேயே இரண்டாம் முறை அறுக்க எந்தப் புதிர்க்காரனுக்கும் துணிவு வராது. ஒவ்வொரு அறுப்புக்கும் ரம்பம் கொஞ்சம் மரத்தைத் தின்றுவிடும், துண்டு லொடலொடக்கும். மரத்தூள் எங்கே போயிற்று என்று அரியலூர்க்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

தனித்து விளையாடுகிறோம் என்ற கவலையும் தங்களுக்கு வேண்டாம். அதே பலகையில் தொகுதி மறுவரையறைக்காரர்கள் வேறொரு ரம்பம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் புண்ணியத்தில் விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசி மக்களவைத் தொகுதியில் இருக்கின்றன. தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் திருநெல்வேலித் தொகுதியில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதிலும் கெட்டிக்காரர்கள். அவர்கள் விட்டுப்போன புதுச்சேரித் துண்டுகளில் மாஹே கேரளப் பெட்டியிலும் ஏனாம் ஆந்திரப் பெட்டியிலும் கிடக்கின்றன.

கைரம்ப வேலையில் முதல் பாடம்: ரம்பம் நின்ற இடத்திலேயே மேலும் கீழும் போகும், திருப்ப வேண்டியது பலகையைத்தான். அரசாங்கமும் இந்தப் பாடத்தை ஒழுங்காகக் கற்றிருக்கிறது. அலுவலகம் நகர்வதில்லை, பட்டாவும் சான்றிதழுமாக ஜனங்கள்தான் திரும்பித் திரும்பி அலைகிறார்கள்.

மாவட்டம் சிறிதானால் ஆட்சியர் பக்கத்தில் வருவார் என்பது நியாயமான பேச்சு. அதை நான் மறுக்கவில்லை. எங்கள் ஊருக்கே கோட்டாட்சியர் அலுவலகம் கிடைத்திருக்கிறது. ஆனால் பழைய மரப்புதிர்க் கம்பெனிக்காரர்கள் பெட்டிமேல் படமே போட மாட்டார்கள். முழு உருவம் என்னவென்று தெரியாமல் தடவித் தடவிச் சேர்ப்பதில்தான் சுகம் என்பார்கள். அந்தச் சுகம் காசு கொடுத்து வாங்கியவனுக்கு. ரேஷன் கார்டு வைத்திருப்பவனுக்கு அல்ல. எங்கள் ஊர்க் கோயில் சங்கரநாராயணரைப் பாருங்கள். பாதி சிவன், பாதி விஷ்ணு. எந்தப் பக்கம் யாருக்கு என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். அப்படியிருந்தும் ஒருவரும் நடுவில் ரம்பம் வைத்ததில்லை.

கும்பகோணத்துக்காரர்கள் தனி மாவட்டம் கேட்டுக் காத்திருக்கிறார்கள். ஆகவே தங்கள் கை சும்மா இருக்காது என்று தெரியும். அடுத்த அறுப்புக்கு முன், வெட்டப்போகும் கோட்டைப் பென்சிலில் போட்டு, கடல், ஆறு, ஆஸ்பத்திரி, கோர்ட், பஸ் ரூட் எல்லாம் எந்தப் பக்கம் விழுகின்றன என்று குறித்து, சம்பந்தப்பட்ட ஒவ்வொரு தாலுகா ஆபீஸ் சுவரிலும் ஒட்டிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பக்கத்தில் நூலில் கட்டி ஓர் அழிரப்பரும் தொங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தொழிலை வீட்டுத் திண்ணையில் செய்துவரும்
ஒரு சின்ன ரம்பம்.