நோம்பி லீவும் புதிய செயலியும்

கேள்வி: எங்கள் பம்ப்செட் கம்பெனியில் ஜோஹோ கிளிக் போட்டு மூன்று மாதமாகிறது, ஆட்கள் வாட்ஸ்அப்பை விட்டு வரமாட்டேன் என்கிறார்களே, என்ன செய்யலாமுங்க?
— ஒரு முதலாளி, கணபதி, கோவை

பதில்: 1920-இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸை ஓட்டத் தொடங்கியபோது, ஜனங்களை அதில் ஏற்றியது உபந்நியாசமன்று, பிரயோஜனமே. அங்ஙனமிருக்க, விடியற்காலையில் தாங்களே வாட்ஸ்அப்பில் தாமரைப்பூவோடு காலை வணக்கம் அனுப்பி, அதன் வாலிலேயே 'காஸ்டிங் லோடு வந்தாச்சா?' என்றும் விசாரித்துவிட்டு, பத்து மணிக்குப் புதிய செயலியின் மகிமையைப் பிரசங்கிப்பீர்களாயின், சிப்பந்திகள் முதலாளியின் உபதேசத்தை விடுத்து உதாரணத்தையே அநுசரிப்பது இயற்கைதானே? ஆகவே, முதலில் தாங்கள் குடிபெயருங்கள். பிறகு, மாரியம்மன் நோம்பிக்கு லீவு அதில் கேட்டால் மட்டுமே கிடைக்கும் என்று ஓர் உத்தரவு போடுங்கள். பூச்சாட்டுவதற்குள் கம்பெனி முழுவதும் கிளிக்கில் குடியேறியிருக்கும்!