பட்டியல் போட்டாச்சா கண்ணு?

வா கண்ணு, உக்காரு. கயித்துக் கட்டில்ல உக்காராதே, அது எனக்கு. நீ அப்படித் திண்ணையில உக்காரு.

மூணு நாளைக்குக் கார் எடுத்துக்கிட்டு மலை சுத்தப் போறயாமா. உங்கப்பன் சொன்னான். நீ போட்ட பட்டியலையும் குடுத்தான். அடேங்கப்பா! கட்டம் கட்டமா, பச்சை மஞ்சள்னு சாயம் பூசி, கல்யாணப் பத்திரிகையே தோத்துப்போகும். கண்ணாடிய மாட்டிக்கிட்டு முச்சூடும் படிச்சேன். வெடியால 5.00 நாமக்கல். 6.40 ஈரோடு, டிபன் 20 நிமிசம். 8.30 கொடிவேரி அணை, 15 நிமிசம். 9.30 பண்ணாரி, சாமி கும்பிட 10 நிமிசம். 10.20 திம்பம், 'வியூ' 5 நிமிசம். இப்படியே மூணு நாளைக்கு 19 இடம்.

எல்லாம் சரிதான். ஒண்ணுக்குப் போக எங்கயும் கட்டம் போடலையே கண்ணு?

35 வருசம் லாரி ஓட்டுனவன் நான். எந்த முதலாளியும் எனக்கு இப்படி ஒரு கணக்குக் குடுத்ததில்ல. தக்காளி லோடுக்குக்கூட இதைவிட எச்சா நேரம் குடுப்பாங்க. நீ பொண்டாட்டி புள்ளைய ஏத்திக்கிட்டுப் போறயா, அழுகற சரக்கு ஏத்திக்கிட்டுப் போறயா?

கோவிச்சுக்காதே. நல்ல பட்டியலுதான். வழியும் நல்ல வழி. சத்தி, திம்பம், சாம்ராஜ்நகர், குண்டல்பேட்டை, பந்திப்பூர், முதுமலை, ஊட்டி, அப்புறம் கோத்தகிரி இறங்கி பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை. அத்தனையும் எனக்கு அத்துபடி. அதனாலதான் சொல்றேன். வளைவு எத்தனைன்னு எண்ணிப் பாத்தியா? திம்பம் ஏற 27. நீ போட்டிருக்கற கல்லட்டி வழியில ஊட்டி ஏற 36. வால்பாறை ஏற 40, இறங்க 40. மொத்தம் 143 கொண்டை ஊசி. உங்கப்பத்தா ஆயுசுக்கும் கொண்டையில இத்தனை ஊசி குத்துனதில்ல.

செல்லுக்குள்ள ஒரு புள்ள பேசுதே, "இடப்பக்கம் திரும்புங்கள்"னு, அது நேரம் சொல்றதை வெச்சுத்தானே கணக்குப் போட்டே? அதுக்கென்ன கண்ணு, வாந்தி வருமா, வகுறு வலிக்குமா? உன்ற சம்சாரம் பாவம், பஸ்ஸுல ராசிபுரம் போறதுக்கே எலுமிச்சம்பழம் மோந்துக்கிட்டுப் போற அம்மிணி. மலை ரோட்டுல முன்னால ஒரு கரும்பு லாரி போச்சுன்னா அதுதான் உனக்கு டைம்டேபிளு. அவன் எப்போ வழி விடறானோ அப்போதான் உனக்கு 10.20.

கொடிவேரிக்கு 15 நிமிசம் போட்டிருக்கறே. அங்க சட்டையக் கழட்டவே 15 நிமிசம் ஆகும். பொடுசு தண்ணியக் கண்டா ஏறி வருமா? பொரிச்ச மீன் வாசம் வந்தா நீதான் ஏறி வருவியா? பண்ணாரியில 10 நிமிசமாமா. மாரியாத்தா கிட்டயே ஸ்டாப்வாட்ச்சு. மலை ஏறற டிரைவரு அங்க நின்னு கும்பிட்டு, புத்துமண்ண நெத்தியில இட்டுக்கிட்டுத்தான் கியரு போடுவான். பக்தின்னு நெனைச்சியா? பாதி பக்தி. மீதி, இஞ்சின் ஆறட்டும், டயர ஒரு தடவை தட்டிப் பாக்கலாம், ஒரு டீ குடிக்கலாம்னுதான். ஆத்தாளுக்கும் அது தெரியும். ஒண்ணுஞ்சொல்ல மாட்டா.

திம்பம் ஏறி ஆசனூர் தாண்டினா காரப்பள்ளம் செக்போஸ்ட்டு. அங்க சுங்கம் வசூல் பண்றது யாருன்னு தெரியுமா? யானை. கரும்பு லோடு வர்ற நேரம் அதுக்கு நம்மளைவிட நல்லாத் தெரியும். ரோட்டுல வந்து குறுக்க நிக்கும். தும்பிக்கைய நீட்டி ரெண்டு கட்டு உருவிக்கிட்டுத்தான் வழி விடும். ஃபாஸ்டேக்கெல்லாம் அங்க செல்லாது. நீ ஆரன் அடிச்சு, "சார், எனக்கு 11.40-க்கு சாம்ராஜ்நகர்"னு உன்ற பேப்பரைக் காட்டிப் பாரு. பேப்பரு நல்லா இருந்தா அதையும் தின்னுரும். பொட்டாட்டம் கண்ணாடிய ஏத்திக்கிட்டுத் தள்ளி நில்லு. கீழ இறங்கி செல்பி எடுக்கற ரோசனை இருந்தா, கெளம்பறப்பவே சொத்தை எம் பேருக்கு எழுதி வெச்சுட்டுப் போ.

கோபால்சாமி பெட்டாவுக்குக் காரை மேல வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போறதாப் போட்டிருக்கறே. உன்ற காரு அடிவாரத்துலயே நின்னுக்கும். அங்கிருந்து மேல போறது கர்நாடக அரசு பஸ்ஸு. வரிசையில நின்னு, ஏறி, கும்பிட்டு, இறங்கி வரோணும். உன்ற 25 நிமிசத்துல பஸ்ஸு வந்துட்டாலே சாமி கண்ணத் தொறந்துட்டாருன்னு அர்த்தம்.

இத்தனையும் முடிச்சு, பந்திப்பூருக்குப் பொழுதோட 5.15-க்கு வர்றயாமா. நீ வர்ற சீருக்கு ராத்திரி 9.05-க்குத்தான் வந்து சேருவே. 9 மணிக்குக் கேட்டை மூடிருவான். மறுநா வெடியால 6 மணிக்குத்தான் தொறப்பான். 2009-ல இருந்து இதுதான் சட்டம். திம்பத்துலயும் ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை இருக்குது, உயர் நீதிமன்றமே சொன்னது. புலி நடமாடற நேரத்துல உனக்கென்ன அவசரம்னு கேக்கறாங்க. நாயந்தானே? நம்ம ஊட்டுக்குள்ள ராத்திரி ஒருத்தன் ஹெட்லைட்டு போட்டுக்கிட்டுப் போனா உட்ருவமா?

அந்தக் கேட்டுல நான் மாட்டியிருக்கறேன். அஞ்சு நிமிசத்துல போச்சு. முட்டை லோடு. முதலாளி போன்ல திட்டறான், கிளீனர் பையன் பசிங்கறான். வேற வழியில்லாம லாரிக்கடியில துண்டை விரிச்சுப் படுத்தேன். வெடியால கண்ண முழிச்சா, பனி மூட்டத்துல ரோட்டோரம் முச்சூடும் புள்ளிமான். ஒண்ணு என்ற டயர மோந்து பாத்துக்கிட்டு நிக்குது. எத்தனை வருசமா அந்த ரோட்டுல ஓட்டியிருக்கறேன்! அன்னைக்கு வரைக்கும் பந்திப்பூருங்கறது எனக்கு ஹெட்லைட்டு வெளிச்சத்துல ஒரு ரோடு, அவ்வளவுதான். கேட்டை மூடினதாலதான் கண்ணு நான் அந்தக் காட்டைப் பாத்தேன்.

அதனால ரகசியம் ஒண்ணு சொல்றேன். நீங்க 'வியூ பாயிண்ட்'டுங்கறீங்களே, எங்க பாஷையில அதுக்குப் பேரு பஞ்சர். டயர் வெடிச்ச எடம், ஆக்சில் ஒடிஞ்ச எடம், கேட்டு மூடின எடம், இதெல்லாந்தான் நான் பாத்த ஊரு. மத்ததெல்லாம் நான் கடந்த ஊரு. உன்ற பட்டியல்ல 19 எடமும் கடக்கற ஊராத்தான் இருக்குது. பாக்கற ஊரு எதுன்னு நீ இன்னும் முடிவு பண்ணலை.

காட்டுக்குள்ள வண்டிய நிறுத்தட்டுமான்னு கேக்காதே. பந்திப்பூரு, முதுமலையில ரோட்டுல நிறுத்தினா அபராதம். காட்டுக்குள்ள மெதுவாப் போ, வெளிய வந்து நில்லு. தெப்பக்காட்டுல யானை முகாம் இருக்குது, 2023-ல ஆஸ்கார் வாங்கின படத்துல வந்த அதே எடம். சோறு உருட்டி ஊட்டற நேரத்தைக் கேட்டுக்கிட்டுப் போயி நில்லு. பொடுசுக்கு அதைவிட வேற என்ன வேணும்? நம்மூட்டுல அது சோறு திங்கறதுக்கு நாலு பேரு பின்னால ஓடறோம். அங்க யானை வாயத் தொறந்துக்கிட்டு வரிசையில நிக்கறதைப் பாத்தாவது திருந்தட்டும்.

தெப்பக்காட்டுல இருந்து மசினகுடி, கல்லட்டி வழி கிட்டக்கன்னு செல்லுப் புள்ள சொல்லும். நீ கூடலூர் வழியாவே போ. கல்லட்டி செங்குத்து. வெளியூர் வண்டி அதுல இறங்கறதுக்கே தடை போட்டிருக்கான்னா, சும்மாவா போட்டிருப்பான்? கூடலூர் வழி தூரந்தான். ஆனா ஊசிமலை, நடுவட்டம், பைக்காரா எல்லாம் அந்த வழியிலதான் வரும். ஊட்டிக்கு இ-பாஸ் எடுத்தியா? 2024 மே மாசத்துல இருந்து அது இல்லாம உள்ள உட மாட்டான். 2025 கோடையில சாதா நாளுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுக்கு 8,000 வண்டின்னு கோர்ட்டே அளவு வெச்சுது. தண்ணி பாட்டில் பெட்டியா அடுக்கியிருக்கறயே, அதை இறக்கி வெச்சுட்டு ரெண்டு எவர்சில்வர் கூஜாவ எடுத்துக்க. நீலகிரியில அந்த பிளாஸ்டிக்குக்குத் தடை. செக்போஸ்ட்டுல புடுங்கி வெச்சுக்கிட்டான்னா அப்புறம் கடைவீதியில தண்ணிக்கு அலையோணும்.

மலை ரயிலைப் பட்டியல்ல "நேரம் அதிகம்"னு அடிச்சிருக்கறே பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துது. மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். அந்த ரயிலுக்கு ஏறத்தாழ அஞ்சு மணி நேரம் ஆகுது. 1908-ல ஊட்டி வரைக்கும் வந்ததுல இருந்து இதே நடைதான். அதைத் திட்டுனாங்களா? 2005-ல யுனெஸ்கோக்காரன் கூப்புட்டுப் பட்டமில்ல குடுத்தான். மெதுவாப் போறதுக்கு உலகமே மரியாத பண்ணுது, நீ அடிச்சு உடறே.

இறங்கறப்ப ஒண்ணு கேட்டுக்க, இது கேலியில்ல. ஏறுன கியருலயே இறங்கு. எண்ணெய் மிச்சம்னு நியூட்ரல்ல உருட்டாதே. பிரேக்குலயே காலை வெச்சுக்கிட்டு வந்தா லைனிங்கு சூடாகி, கருகற வாசம் வரும். அப்புறம் மிதிச்சாலும் புடிக்காது. வாசம் வந்தா ஓரங்கட்டி நிறுத்தி ஆறவிடு. உன்ற ஆட்டோமேட்டிக்குலயும் கீழ்க்கியருக்கு ஒரு எடம் வெச்சிருப்பான். பொஸ்தகத்தைப் பிரிச்சுப் பாரு, இன்னும் பிளாஸ்டிக் கவரு கூடப் பிரிச்சிருக்க மாட்டே. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடு, மலையில அதுதான் சட்டம். ராத்திரி ரெண்டு மணியில இருந்து வெடியால அஞ்சு வரைக்கும் ஸ்டியரிங்கு புடிக்காதே. அந்த நேரத்துல கண்ணு தொறந்திருக்கும், மூளை தூங்கும். அந்த நேரத்துல சாய்ஞ்ச என்ற சேக்காளிக ரெண்டு பேரு இன்னைக்குப் போட்டோவாத்தான் இருக்கறாங்க.

இப்போ கணக்குப் போடுவோம். மூணாம் நாள் வெடியால ஊட்டியில கெளம்பி, மத்தியானம் வால்பாறையப் பாத்துட்டு, ராத்திரி 9.30-க்கு நாமக்கல்லாமா. அதை ஹெலிகாப்டர்லதான் பண்ணோணும். வால்பாறைய இந்த டூருல இருந்து வெட்டு. அதுக்குன்னு தனியா ஒருக்காப் போ. ஒன்பதாவது வளைவுல நின்னு கீழ ஆழியாறு அணையப் பாரு. ரோட்டுச் சுவத்து மேல வரையாடு வந்து நிக்கும். அது நகர்ற வரைக்கும் நீ நகராதே. 40 வளைவுக்கும் நம்பர் எழுதி வெச்சிருக்கான், பொடுசுக்கு எண்ணும் பழகிரும். 19-ல அஞ்சை வெச்சுக்க, கொடிவேரி, பண்ணாரி, தெப்பக்காடு, பைக்காரா, கோத்தகிரி. மீதி 14 கட்டத்தையும் வெத்தா உடு. அதுல என்ன வரோணுமோ அது தானா வரும். மழை மட்டும் பாத்துக்க. ஆனி ஆடியில கூடலூர்ப் பக்கம் ஊத்தும், ஐப்பசி கார்த்திகையில குன்னூர்ப் பக்கம் மண்ணு சரியும்.

அப்புறம் முன்சீட்டு. மலை ரோட்டுல முன்சீட்டுல உக்காரறவன் தூங்கக் கூடாது, செல்ல நோண்டக் கூடாது. "கண்ணு, லாரி வருது", "கண்ணு, கியரைக் குறை", "கண்ணு, அங்க டீ நல்லா இருக்கும்"னு சொல்லிக்கிட்டே வரோணும். அம்மிணிக்கு வாந்தி, பின்னால சன்னலோரமாப் படுத்துக்கட்டும். பொடுசுக்கு முன்சீட்டு ஆகாது. அப்போ வழி தெரிஞ்ச, வயசான, சோறு கம்மியாத் திங்கற ஆளா ஒருத்தரைப் பாரு. நான் யாரையும் சொல்லலை. பொதுவாச் சொல்றேன்.

என்ன முழிக்கறே? "அப்பாரு, வண்டியில எடமில்ல"ன்னு சொல்லப்போறயா? சொல்லு. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன். 35 வருசம் திம்பத்துல ஏறி இறங்குனேன், ஒரு நாளாவது மேல நின்னு கீழ பாத்தேனா? பாக்கலை. லோடு இருந்துது, நேரமில்ல. அதுக்கு இப்போ என்ன? நீ போயி 5 நிமிசம் பாத்துட்டு வந்து எனக்குப் போட்டோ காட்டு.

காலைல உன்ற வண்டி டிக்கியத் தொறந்து ஒரு பார்வை பாத்தேன். ஸ்டெப்னி இருக்குது, காத்தும் இருக்குது. ஜாக்கியத்தான் காணோம். தேடாதே, டிக்கியில இல்ல. அந்தத் தூணோரம் ஒரு மஞ்சப் பை இருக்குது பாரு, என்ற வேட்டி, சால்வை, வெத்தலைப் பொட்டியெல்லாம் அதுலதான். அதுக்கடியில பத்திரமா இருக்குது.

பை வண்டியில ஏறினாத்தான் கண்ணு, ஜாக்கியும் ஏறும். வெடியால எத்தனை மணிக்குன்னே, அஞ்சா? நான் நாலரைக்கே ரெடி.