ஆளுக்கா, ஜீப்புக்கா?

அந்தக் காலத்தில் கிரானில் ஜீப் வைத்திருந்தவர் வயல்காரர். இந்தக் காலத்தில் ஜீப் வைத்திருப்பவர் வயலை விற்றவர். இடையில் ஒரு சூறாவளியும் நீண்ட யுத்தமும் வாகன இறக்குமதி பற்றிய ஏகப்பட்ட வர்த்தமானிகளும் வந்துபோயின.

எங்கள் குடும்பத்து ஜீப்புக்காரர் பெரிய மூத்தப்பா. போடியார். வயல் ஆற்றுக்கு அப்பால், புலிபாய்ந்தகல்லையும் தாண்டி. அவருடைய விலிஸ் ஜீப் எப்படி வந்தது என்பதற்கு வீட்டில் இரண்டு கதைகள் இருந்தன. இங்கினியாகலையில் அணை கட்ட வந்த அமெரிக்கர்கள் போகும்போது விற்றது என்பது அவர் கதை. 1949இல் கல்லோயாவை மறிக்க வந்த மொரிசன் நுட்சன் கொம்பனி, ஹூவர் அணையைக் கட்டியவற்றில் ஒன்று. அம்பாறை 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. ஆகவே அமெரிக்கன் நம்மட மாவட்டத்துக்குத்தான் வந்தான் என்று நெஞ்சை நிமிர்த்துவார். பட்டாளம் கழித்துவிட்டதை யாரோ ஏலத்தில் எடுத்து, அவனிடம் இவர் எடுத்தார் என்பது மூத்தம்மாவின் கதை. அதில் பெருமை குறைவு. நான் அதைத்தான் நம்புகிறேன்.

இரண்டாம் உலக யுத்தகாலத்து விலிஸுக்குக் கதவு கிடையாது. முன்கண்ணாடியை மடித்துப் பொனற்றின் மேல் படுக்கவைக்கலாம். முன்விளக்கைத் திருப்பிவிட்டால் இருட்டில் எஞ்சினுக்கே வெளிச்சம் காட்டும். வயல் வட்டைக்குள் இரவில் நின்றுபோன வண்டிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பெற்றோல் தாங்கி சாரதியின் இருக்கைக்கு அடியில். எண்ணெய் அடிக்க வேண்டுமென்றால் போடியாரானாலும் எழும்பி இறங்கித்தான் ஆகவேண்டும். ஊரில் அவரை எழுப்பிய ஒரே ஆள் பெற்றோல் செட்டுப் பொடியன்தான்.

ஸ்டியரிங் இடப்பக்கம். நமது வீதியோ இடப்பக்க வீதி. முன்னால் போகும் கரத்தையை முந்துவதற்கு எதிரே என்ன வருகிறதென்று சாரதிக்குத் தெரியாது. அதற்காக வலப்பக்கத்தில் ஒரு சிறுவனை ஏற்றியிருந்தார்கள்; அந்த உத்தியோகம் சில காலம் எனக்கு. "வரலாம்" என்று கத்துவேன். எதிரே மாடு வந்தால் கத்தக்கூடாது. ஓட்டுநரின் கண்ணை இன்னொருவன் வைத்திருந்த அந்த முறையில் எங்களுக்கு ஒரு விபத்தும் நடக்கவில்லை. கமரா பூட்டிய வண்டிகளைப் பற்றி அப்படிச் சொல்லமாட்டேன்.

ஆற்றில் தண்ணீர் ஏறினால் பெரிய மூத்தப்பா பொனற்றைத் திறந்து விசிறிப் பட்டியைக் கழற்றுவார். விசிறி சுற்றினால் தண்ணீரை அள்ளி எஞ்சினில் அடிக்கும், நெருப்பு அணைந்துவிடும். கழற்றிவிட்டு முதல் கியரில் மெல்ல உருட்டுவார். அக்கரையில் பட்டியைத் திரும்பப் பூட்டி ஒரு வெற்றிலை போடுவார். 60 குதிரைவலு, மூன்று கியர், அவ்வளவுதான்.

வாழைச்சேனையில் எஞ்சின் வேலை பார்த்தவர் ஒருநாள் ஒரு போல்ற்றைக் கழற்றிக் காட்டினார். தலையில் போர்ட் கொம்பனியின் எழுத்து. "இது விலிஸ் இல்ல போடியார், கலப்பு." பெரிய மூத்தப்பாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. உண்மையில் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போர்க்காலத்தில் ஒரே ஜீப்பை விலிஸும் போர்டும் சேர்ந்து 6 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்தவேண்டும் என்பதே அமெரிக்க இராணுவத்தின் உத்தரவு. வெட்கப்படவேண்டியது வேறொரு சங்கதி. அந்த வண்டியை முதலில் செய்தவர்கள் இவர்கள் இருவருமே இல்லை. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் பாண்டம் என்றொரு நொடிந்த சிறு கொம்பனி. 1940இல் இராணுவம் 49 நாள் தவணை கொடுத்தது. கார்ல் புரொப்ஸ்ட் என்ற பொறியியலாளர் சில நாட்களில் வரைந்துகொடுக்க, செப்டம்பர் 23ஆம் தேதி, தவணைக்குள், வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இராணுவம் பாராட்டியது. பிறகு அந்த வரைபடத்தை விலிஸுக்கும் போர்டுக்கும் கொடுத்தது; சின்னக் கொம்பனியால் அவ்வளவு வண்டி செய்ய ஏலாதாம். பாண்டம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு. பின்னர் ஜீப்புக்குப் பின்னால் இழுக்கும் பெட்டி செய்கிற வேலை அவர்களுக்குக் கிடைத்தது.

விலிஸுக்கும் நிலைத்த வாழ்வில்லை. 1953இல் கைசர் வாங்கியது, 1970இல் ஏஎம்சி, 1987இல் கிறைஸ்லர். விலிஸிடம் உரிமம் பெற்றுச் செய்யத் தொடங்கிய இந்திய மகிந்திரா, 2018இல் அதே சாயலில் ரொக்ஸர் என்ற வண்டியை அமெரிக்காவுக்கே கொண்டுபோனது. உங்கள் முகம் எங்கள் ஜீப் மாதிரி இருக்கிறது என்று வழக்கு, 2020இல் தடை. முகத்தை மாற்றிக்கொண்ட பிறகே விட்டார்கள். பேரன் பாட்டன் வீட்டுப் படலையில் நின்று அடையாள அட்டை காட்டியது போல.

1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் விலிஸின் மேல் தென்னை விழுந்தது. தூக்கி எறிந்துவிட்டு ஓட்டினார்கள். அது தாங்காதது யுத்தத்தை. ஜீப் என்றால் ஒரு தரப்புக்குச் சந்தேகம், மற்றத் தரப்புக்குத் தேவை. மாமா எஞ்சினைக் கழற்றி வைக்கோலுக்குள் புதைத்தார். உடல் துருவேறி இரும்புக்குப் போனது. பின் அச்சு மட்டும் மிஞ்சி, உழவு மெசின் பெட்டிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. பட்லர் ஊர்க்காரருக்கு இதைச் சொல்லியிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள்.

இனி மருமகனின் ஜீப். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அவன் காசைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து வருடம் தவித்தான். 2025 பெப்ரவரியில் கதவு திறந்தது. வண்டி வந்தது. வெள்ளை. யப்பான் தயாரிப்பு. நான்கு பக்கமும் கமரா, சேறு மணல் பனி என்று தெரிவுசெய்ய ஒரு குமிழி. கிரானில் பனிக்கு என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. வரி கட்டியவனிடம் அப்படிக் கேட்பது முறையல்ல.

மாரியில் கோராவெளிப் பக்கம் ஒரு சாவீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. வழக்கம்போல வீதிக்கு மேலால் வெள்ளம். வண்டி தண்ணீர் விளிம்பில் நின்றது. அவன் கைப்பேசியில் வண்டியின் கைநூலைத் தேடி, எத்தனை சென்றிமீற்றர் வரை இறங்கலாம் என்று வாசித்தான். பிறகு இறங்கி நின்று தண்ணீரைப் பார்த்தான். பற்றரிக்குள் தண்ணீர் போனால் எவ்வளவு முடியும் என்பது அவனுக்குத் தெரியும்.

உழவு மெசின் ஒன்று வந்தது. பெட்டியில் பத்துப் பதினைந்து பேர், இரண்டு சைக்கிள், ஒரு ஆடு.

"அண்ணன், அங்கால விட எவ்வளவு?"

"ஆளுக்கா, ஜீப்புக்கா?"

"எங்கள் ரெண்டு பேருக்கும்தான். ஜீப் இங்க நிக்கட்டும்."

மெசின்காரர் வண்டியை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். "அப்ப இத என்னத்துக்கு தம்பி இவ்வளவு தூரம் கொண்டுவந்த நீங்க?"