அன்று அழைப்புக் கடிதம், இன்று விமானக் கட்டணம்

அப்பா பெங்களூர் கன்டோன்மென்ட்டில் ஒரு கிளப்பில் டென்னிஸ் மார்க்கராக இருந்தார். விடிவதற்குள் மண் ஆடுகளத்துக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்துவிடுவார். உறுப்பினர்கள் வந்ததும் எதிர்ப்பக்கம் நின்று அவர்களோடு ஆடுவார். மதியம் மட்டைகளுக்குக் கட்டிங் போடுவார், அதாவது நரம்பு கட்டுவார். எல்லாம் மரமட்டைகள், மாட்டுக் குடலில் திரித்த நரம்பு. ஆடி முடித்ததும் மட்டை வளைந்துவிடாமல் இருக்க, நான்கு மூலையிலும் திருகு வைத்த மரச் சட்டத்தில் பூட்டி வைக்க வேண்டும். கட்டிங் வேலையை அவரிடம்தான் கற்றேன். இன்று எனக்குச் சோறு போடுவதும் அதுதான். அவர் கையால் இழுத்துக் கட்டியதை இப்போது எலக்ட்ரானிக் மெஷின் இழுக்கிறது.

அப்பாவுக்கு ராமநாதன் கிருஷ்ணன் என்றால் உயிர். "அவர் பந்தை அடிக்கிறதே இல்லடா, தொட்டு அனுப்புறார்" என்பார். 1954-ல் விம்பிள்டனில் சிறுவர் பட்டம், 1960-லும் 1961-லும் அதே விம்பிள்டனில் அரையிறுதி. அமெச்சூர் காலம் என்பதால் பரிசுப்பணம் கிடையாது. ஆனால் கிருஷ்ணனைப் போன்ற ஒருவர் தங்கள் ஊரில் ஆட வேண்டும் என்று போட்டி நடத்துபவர்கள் கடிதம் எழுதி அழைத்தார்கள். பயணச் செலவையும் தங்கும் ஏற்பாட்டையும் அழைத்தவர்களே பார்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் அந்த அழைப்பு வரவில்லை என்பது உண்மை. அப்பாவோடு வேலை பார்த்த மார்க்கர்களில் உறுப்பினர்களைவிட நன்றாக ஆடக்கூடியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு எந்தக் கடிதமும் வந்ததில்லை.

1968-ல் கதவு திறந்தது. தொழில்முறை ஆட்டக்காரர்களும் பெரிய போட்டிகளில் ஆடலாம் என்றானது, பரிசுப்பணம் வந்தது. இன்று கிராண்ட்ஸ்லாம் பட்டம் வென்றவர் கையில் கோடிகள். அதைப் பார்ப்பவர்கள் டென்னிஸ்காரர்கள் எல்லோருமே வசதியாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். போட்டிகளுக்குக் கட்டிங் போடப் போகும் எனக்குக் கண்ணில் படுவது வேறு. விளையாட்டில் பணமே இல்லாத காலத்தில் நல்ல ஆட்டக்காரரின் வழிச்செலவை யாரோ ஏற்றார்கள். பணம் கொட்டும் காலத்தில், இன்னும் மேலே வராத ஆட்டக்காரர் தன் விமான டிக்கெட்டைத் தானே வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்.

அடிமட்டத்தில் இருந்து கணக்குப் பார்ப்போம். உலகத் தரவரிசையில் முதல் புள்ளியைத் தேடும் பையன் ஆடுவது எம்15 போட்டி. மொத்தப் பரிசே 15,000 டாலர். அதில் பட்டம் வென்றவருக்கு 2,160 டாலர். முதல் சுற்றில் தோற்றவருக்கு 156 டாலர். வெளிநாட்டில் ஒரு மட்டைக்குக் கட்டிங் போட ஏறத்தாழ 20 டாலர் ஆகும். முதல் சுற்றில் தோற்றவர் அந்த 156 டாலரை அப்படியே என்னைப் போன்ற ஒருவரிடம் கொடுத்தால் ஏழு மட்டைகளுக்கு மேல் கட்ட முடியாது. விமானம், அறை, சாப்பாடு, விசா, பயிற்சியாளர், பிசியோ எல்லாம் அதற்கு வெளியே.

கப்பன் பூங்காவில் கர்நாடக மாநில லான் டென்னிஸ் சங்கத்தின் மைதானத்தில் பெங்களூரு ஓப்பன் சாலஞ்சர் நடக்கும். சாலஞ்சர் என்பது எம்15-க்கு மேல்படி, ஆடவர் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான ஏடிபியின் பெரிய போட்டிகளுக்குக் கீழ்ப்படி. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் என்பதால் இங்கே பந்து பறக்கும். வந்து இறங்கியதும் முதல் பயிற்சியிலேயே அடித்ததெல்லாம் கோட்டுக்கு வெளியே விழ, பிள்ளைகள் ஓடி வந்து நரம்பின் டென்ஷனை இரண்டு பவுண்ட் ஏற்றிக் கட்டச் சொல்வார்கள். வசதி உள்ளவர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகக் கட்டிய மட்டைகளோடு களத்தில் இறங்குவார். அவருக்கு நரம்பை நிறுவனமே இலவசமாகக் கொடுத்திருக்கும். இலவசம் யாருக்கு உயிர்காக்குமோ அவர் ரீலைக் காசு கொடுத்து வாங்கிக் கையோடு கொண்டுவந்து, "அண்ணா, நரம்பு என்னுது, கூலி மட்டும் போட்டுக்கோங்க" என்பார். பழைய நரம்பை விரலால் தட்டிக் காட்டி, "இது இன்னொரு மேட்ச் தாங்குமா?" என்று கேட்பார். தாங்காது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். டென்ஷன் இறங்கிய மட்டையோடு முக்கியமான புள்ளியில் பந்து ஒரு சாண் வெளியே போனால், அந்தத் தோல்விக்கு அவருடைய திறமை மட்டும் காரணம் இல்லை.

நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் சுமித் நாகலின் கதையைப் பார்க்கட்டும். ஹரியானாவின் ஜஜ்ஜரைச் சேர்ந்தவர். மகேஷ் பூபதியும் அப்பல்லோ டயர்ஸும் நடத்திய 'மிஷன் 2018' திட்டத்துக்குப் பத்து வயதில் தேர்வாகி பெங்களூருக்கு வந்தார். 2018-க்குள் ஓர் இந்தியர் ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் பட்டம் வெல்ல வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் கனவு. திட்டம் அதுவரை ஓடவில்லை, பையன் ஓடினான். 2015-ல் விம்பிள்டன் சிறுவர் இரட்டையர் பட்டம், 2017-ல் இதே பெங்களூரில் சாலஞ்சர் பட்டம், 2019-ல் அமெரிக்க ஓப்பனில் ஃபெடரரிடம் இருந்து முதல் செட். பிறகு இடுப்பில் அறுவைச் சிகிச்சை. தரவரிசை 500-க்கும் கீழே போனது. மீண்டும் ஏறி, நாட்டின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரராக இருந்த 2023 செப்டம்பரில், தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அன்றைய மதிப்பில் சுமார் 80,000 ரூபாய். ஓர் ஆண்டு சுற்றுப்பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு கோடி தேவைப்படும் மனிதரின் கையிருப்பு அது.

அடுத்த நான்கே மாதத்தில் ஆஸ்திரேலிய ஓப்பன் தகுதிச் சுற்றில் வென்று உள்ளே போய், 31-ம் தரநிலை பெற்ற பப்ளிக்கை நேர் செட்டில் வீழ்த்தினார். 1989-ல் ராமநாதன் கிருஷ்ணனின் மகன் ரமேஷ் கிருஷ்ணன் அதே போட்டியில் விலாண்டரை வென்ற பிறகு, கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் தரநிலை பெற்ற ஒருவரை ஓர் இந்தியர் வென்றது அதுவே முதல் முறை. இரண்டாம் சுற்றை எட்டியதற்கு 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. நாடே கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் 900 யூரோவோடு நின்றவரும் அதே ஆட்டக்காரர்தான். அதே ஃபோர்ஹேண்ட், அதே கால்கள். இடையில் ஒரு காயமோ, தகுதிச் சுற்றில் ஒரு தோல்வியோ வந்திருந்தால் நமக்கு அவர் பெயர்கூட நினைவிருக்காது.

காயம் எப்படிப்பட்ட எதிரி என்று சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரனைக் கேட்டால் தெரியும். முழங்கால் எலும்பு முறிவுகள் இளமையின் பல ஆண்டுகளைத் தின்றுவிட்டன. 2018-ல் பெங்களூரில் சாலஞ்சர் பட்டம் வென்றபோது அவருக்கு 29 வயது. 2019-ல் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் பிரதானச் சுற்றில் ஆடினார். உலகத் தரவரிசையில் 75 வரை போனார். 2024-ல் ஓய்வு. உடம்பு படுத்திருந்தாலும் தரவரிசைக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வாரம் எடுத்த புள்ளி 52 வாரத்தில் கரைந்துவிடும். சம்பாதித்ததை மறுபடி சம்பாதிக்க வேண்டும்.

அன்று இல்லாத நல்லவை இன்று இருக்கின்றன, மறுக்கவில்லை. 2024-ல் ஏடிபி ஒரு குறைந்தபட்ச வருமானத் திட்டம் கொண்டுவந்தது. தொடங்கியபோது தரவரிசையில் முதல் 100 பேருக்கு ஆண்டுக்கு 3,00,000 டாலர், 175 வரை 1,50,000, 250 வரை 75,000 என்று உறுதி தந்தது. அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகை இன்னொரு வழி. ஆடுகளம், பயிற்சியாளர், படிப்பு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். இந்திய ஆட்டக்காரர் சோம்தேவ் அப்படித்தான் வந்தார். மதுரையின் தட்சிணேஸ்வர் சுரேஷும் அந்த வழியில் போனவர்தான். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில் டேவிஸ் கோப்பையில் முதன்முதலாக இந்தியாவுக்கு ஆடியபோது ஜெரோம் கிமை வென்றார். கோயம்புத்தூரின் மாயா ராஜேஸ்வரன் 15 வயதில் 2025 மும்பை ஓப்பனின் அரையிறுதிக்குப் போனார்.

இழந்ததும் உண்டு. 1997 முதல் 2017 வரை சென்னை நுங்கம்பாக்கத்தில் ஏடிபி போட்டி நடந்தது. 2009-ல் சோம்தேவ் அங்கே இறுதி வரை போனார். பிறகு அது புனேவுக்குப் போய், 2023-க்குப் பின் அங்கும் இல்லை. சொந்த ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டு, விசாவுக்கு அலையாமல், பெரிய ஆட்டக்காரரோடு ஓர் ஆட்டம் ஆடிப்பார்க்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குப் போய்விட்டது.

கவனித்துப் பார்த்தால், உதவிகள் எல்லாம் ஒருவர் மேலே வந்த பிறகே வருகின்றன. ஏடிபியின் உறுதி 250-ல் நின்றுவிடுகிறது. நிறுவனங்கள் வெற்றிக்குப் பிறகு கையெழுத்துப் போடுகின்றன. அரசுகள் பதக்கத்துக்குப் பிறகு காசோலை நீட்டுகின்றன. பணம் வேண்டியது 250-க்கும் 600-க்கும் இடையில், 19 வயதுக்கும் 24 வயதுக்கும் நடுவே. பெங்களூரில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குப் பஞ்சம் இல்லை. இன்னும் லாபமே பார்க்காத தொழிலுக்கு ஐந்து வருடம் பொறுத்திருந்து முதல் போடும் ஊர் இது. அந்தப் பொறுமையில் ஒரு பங்கை, தோற்றாலும் திருப்பிக் கேட்காத மூன்றாண்டு ஒப்பந்தமாகப் பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் போதும். சாலஞ்சர் வாரங்கள் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் நடக்க வேண்டும். நாமும் இறுதி ஆட்டத்துக்காகக் காத்திருக்காமல், தகுதிச் சுற்று நடக்கும் ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வேண்டும். அப்பா காலத்து மார்க்கர்களுக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. இன்று 400-ம் இடத்தில் நிற்கும் பிள்ளையின் பெயர், ஊர், தரவரிசை எல்லாம் எல்லோர் கைபேசியிலும் தெரிகிறது. தெரிந்தும் செய்யாவிட்டால் அந்தத் தவறு நம்முடையது.