புறஜாதியாரின் மேல்சாதி

பழைய தமிழ் வேதாகமத்தில் ஒரு சொல் உண்டு: புறஜாதியார். யூதராகப் பிறக்காத அத்தனை பேரும் அதில் அடக்கம். ரோமன், கிரேக்கன், எத்தியோப்பியன், அவர்களுக்குப் பின்னால் நம்மூர் வெள்ளாளர், வன்னியர், நாடார், பறையர் எல்லாரும் ஒரே வரிசை. வேதத்தின் கணக்குப்படி எங்கள் சங்கராபுரம் தாலுகா தொடங்கி உளுந்தூர்ப்பேட்டை தாலுகா முடிய ஒரு மேல்சாதிக்காரன்கூடக் கிடையாது. மொத்தமும் புறம். விருத்தசேதனம் இல்லாதவன், பன்றி தின்கிறவன், வீட்டுக்குள் விட்டால் தீட்டு.

இந்தத் தீட்டுப் பட்ட கூட்டத்தை உள்ளே விடுவதா வேண்டாமா என்று எருசலேமில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. அதற்கு முன்னால் யோப்பாவில் மொட்டைமாடியில் பசியோடிருந்த பேதுருவுக்கு வானத்திலிருந்து ஒரு விரிப்பு இறங்கிற்று. அதில் ஊர்வன, பறப்பன, நடப்பன எல்லாம் இருந்தன. அடித்துச் சாப்பிடு என்றது குரல். ஐயோ, தீட்டானதை நான் தொட்டதே இல்லையே என்றார் பேதுரு. கடவுளே மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம்தான் கொர்நேலியு என்ற ரோமப் படைத்தலைவன் வீட்டு வாசற்படியை மிதித்தார்.

மிதித்தவர் திருந்திவிட்டாரா என்றால், அதுவும் இல்லை. அந்தியோக்கியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து பெரிய மனிதர்கள் வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு நழுவினார். பவுல் விடவில்லை. எல்லார் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். கேட்டதைக் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பதிந்தும் வைத்தார். முதல் போப்பாண்டவரையே பந்தி விவகாரத்துக்காகச் சந்தியில் நிறுத்திய மதம் இது.

அப்படித் திறந்த வாசல் வழியாகத்தான் நாம் உள்ளே வந்தோம். வந்ததும் முதல் வேலையாகத் தாழ்ப்பாள் போட்டோம்.

நம்மவர் திறமையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பதினேழாம் நூற்றாண்டிலேயே மேல்சாதிக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று பிரித்துவைத்தாயிற்று. சாகக் கிடக்கும் பறையனின் குடிசைக்குள் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்கலாமா கூடாதா என்று ரோமாபுரி வரைக்கும் பல பத்தாண்டு வாதாடினார்கள். 1744ல் கிடைத்த தீர்வு, பறையருக்கென்று தனிச் சாமியார்களை ஒதுக்கிவிடுவது. விரிப்பு இறங்கியது போலவே இங்கும் ஒன்று இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடுவில் தையல் போட்டு.

கட்டடக் கலையிலும் நாம் சளைக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலைக் கால்சட்டை மாதிரி இரண்டு காலாகப் பிரித்துக் கட்டினார்கள். ஒரு காலில் வெள்ளாளர், மறு காலில் நாடார், நடுவில் சுவர். இரண்டு காலும் சேரும் இடத்தில் பீடம். எந்தக் கால் தன்னுடையது என்று ஆண்டவருக்கே குழப்பம் வந்திருக்கும். 1910ல் கௌசானல் சாமியார் சுவரை இடித்தார். உடனே வேதக்காரர்கள் வக்கீல் வைத்தார்கள். சுவர் எங்கள் உரிமை என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை ஏறித் தோற்றது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்திலோ செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் வைத்தார்கள். எலும்பும் எலும்பும் ஒட்டிக்கொண்டால் என்ன ஆவது!

இதெல்லாம் தெற்கத்திக் கதை என்று சங்கராபுரத்தில் உட்கார்ந்து டீ குடிக்க முடியாது. கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் தாண்டி எலவனாசூர்கோட்டைப் பக்கம் போனால் எறையூர். செபமாலை மாதா கோயில் இருக்கிற பெரிய வேதக்கார ஊர். அந்த ஊரில் தலித் கிறிஸ்தவர் செத்தால் தனிக் கல்லறை. பிணத்தைத் தூக்கும் தூம்பாவும் தனி. ஊர்த்தெரு வழியாகப் பிணம் போகக் கூடாது, அதற்கும் தனிப் பாதை. உயிர்த்தெழுதலை விசுவசிக்கிறேன் என்று ஞாயிறு தோறும் ஒரே கோயிலில் சொல்லிவிட்டு, உயிர்த்தெழ வேண்டியவனை எந்தத் தெரு வழியாகத் தூக்குவது என்று சண்டை.

தலித்துகள் கேட்டது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. தங்கள் தெருவில் இருக்கிற சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கிக் கொடுங்கள், நாங்கள் எங்கள் பாட்டுக்குப் பூசை வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள். சாதி பார்த்துப் பங்கு பிரிப்பது திருச்சபைக்கு அடுக்குமா என்ற கேள்வி அப்போதுதான் பலருக்குத் தோன்றியது. சாதி பார்த்துக் கல்லறை பிரித்தபோது அந்தக் கேள்வி எங்கே உண்ணாவிரதம் இருந்தது என்று தெரியவில்லை.

2008 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. ஊர்த்தெரு வன்னியக் கிறிஸ்தவர்கள் திரண்டு தலித்துகளின் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டது. வன்னியக் கிறிஸ்தவர் இரண்டு பேர் செத்தார்கள். தூம்பா எந்தத் தெருவில் போவது என்ற தகராறில் இரண்டு புதுப் பிணம்.

அன்றைக்கு உலகம் முழுக்கக் கத்தோலிக்கக் கோயில்களில் வாசித்த நற்செய்தி எது தெரியுமா? செத்து நாலு நாளான லாசருவைக் கல்லறையிலிருந்து எழுப்பிய பகுதி. பெத்தானியாவில் லாசரு எழுந்து வந்தபோது, கட்டை அவிழ்த்து விடுங்கள் என்று மட்டும்தான் இயேசு சொன்னார். எறையூராக இருந்தால், எந்தக் கல்லறையிலிருந்து வந்தாய், எந்தத் தெரு வழியாகப் போகப் போகிறாய் என்று நாலு பேர் தடியோடு விசாரித்திருப்பார்கள்.

இந்தக் கூத்தில் அரசாங்கத்துக்கும் ஒரு வேஷம் உண்டு. கிறிஸ்தவத்தில் சாதியே கிடையாது என்று இந்த நாட்டில் முழு மனதோடு நம்புகிற ஒரே ஆத்மா மத்திய அரசுதான். 1950 ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956ல் சீக்கியரையும், 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவனுக்கு வாசல் மூடித்தான் இருக்கிறது. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை, தன் தொழில் பார்க்கிற மற்றவர்களுக்குக் கொடுத்த இலவச பங்க் கடையைத் தனக்கும் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். பிளாட்பாரமும் ஒன்று, ஊசியும் ஒன்று. ஞானஸ்நானம் மட்டும் வேறு. 1985ல் தள்ளுபடி. பிறகு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சேர்க்கச் சொன்னது, 2022ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள்.

சங்கராபுரத்திலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். அங்கே மலையாளிப் பழங்குடி ஒருவர் ஞானஸ்நானம் வாங்கினால் பழங்குடிச் சான்றிதழ் அப்படியே இருக்கும். பழங்குடிக்கு மதக் கணக்கு கிடையாது. மலையடிவாரத்துக் காலனியில் ஒரு பறையர் அதே தண்ணீரில் ஞானஸ்நானம் வாங்கினால் சான்றிதழில் பட்டியல் சாதி போய்ப் பிற்படுத்தப்பட்டவர் ஆகிவிடுவார். தாலுகா ஆபீசில் சாதி கழிந்துவிடும், கல்லறை வாசலில் திரும்ப ஒட்டிக்கொள்ளும். தீர்த்தத்துக்கு இவ்வளவு கெட்டிக்காரத்தனம் எங்கிருந்து வந்தது?

ஆயர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று சொன்னால் பாவம். 2003ல் ரோமுக்குப் போன தமிழக ஆயர்களைப் பார்த்து இரண்டாம் ஜான் பால் சாதி பார்ப்பது திருச்சபையின் பணிக்கே கேடு என்று கண்டித்தார். கேட்டுக்கொண்டு திரும்பினார்கள். ஐந்தாவது வருஷம் எறையூர். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது, 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள், ஆயர்களில் அவர்கள் வெகு சொற்பம் என்று அதில் ஒப்புக்கொண்டது. பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று. அபராதம் என்ன என்று கேட்டால் இன்னொரு ஆவணம் வருகிறது.

பவுல் இன்றைக்கு எங்களூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினால், முதல் கேள்வி எந்தத் தெரு என்பதுதான். யூதன், கூடாரம் தைக்கிறவன் என்பார். தையல் வேலையா என்று இழுப்பார்கள். ஊர்த்தெருவில் வீடு கிடைக்காது. புறஜாதியாருக்காகப் பேதுருவோடு மல்லுக்கட்டியவருக்கு, அந்தப் புறஜாதியாரே காலனிக்கு வழி காட்டுவார்கள்.

சாமியார்மாரே, பங்குப் பேரவைப் பெரியவர்களே, அடுத்த தவக்காலத்துக்குச் சுற்றறிக்கை அச்சடிக்க வேண்டாம், கருத்தரங்குக்குப் பந்தல் போட வேண்டாம். உங்கள் பங்கில் இரண்டு தூம்பா இருந்தால் ஒன்றை எடுத்துச் சாம்பல் புதனன்று கோயில் வாசலில் போட்டு எரியுங்கள். அந்தச் சாம்பலை எல்லார் நெற்றியிலும் பூசுங்கள். ஊர்த்தெருவிலிருந்து தொடங்குங்கள்.